இலந்தைமரத்துக் கூடுகளும் நாகம்மாவின் கூறையும்

என் ஆசை மச்சான் வேலாயுதம்,

நீ போய் இரண்டு வருடமாகிறது. முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். என் வலது தொடையில் ஒரு மயிர்கூட இல்லை. இடது தொடை மட்டும் எப்போதும்போல் கரடித் தொடைதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலை இழுக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். இதற்கெல்லாம் காரணம் நீதான்.

போன வருடம் உன் முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு நினைவுப் புத்தகமாய்க் கல்வெட்டு அடித்தோம். ஒரு புலவரைப் பிடித்து வெண்பா எழுதுவித்தோம். அதில் நீ பொறுமையில் பூமி, கொடையில் மேகம். தேத்தண்ணீர் ஆறும்வரை பொறுக்கத் தெரியாமல் நாக்கைச் சுட்டுக்கொள்கிற உனக்கா பொறுமை? ஊர் நம்பியிருக்கும். நான் நம்பவில்லை.

அதனால் இந்த வருடம் நானே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது, வெண்பா எனக்கு ஏலாது. கடிதம் ஏலும். அச்சுக்கூடக்காரர் முதல் தாளை வாசித்துவிட்டு, "அண்ணை, நினைவஞ்சலியிலை தொடை மயிரைப் பற்றி ஆராவது எழுதுவினமோ?" என்று கேட்டார். "நான் என்ரை மச்சானுக்கு எழுதுறன். நீர் அடியும்" என்றேன்.

வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலாயுதத்தின் தங்கை செல்லத்தை நான் கட்டினேன். என் தங்கை நாகம்மாவை அவன் கட்டினான். ஒரே பந்தலில், ஒரே நாளில். எனவே நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு திட்டினாலும் யாரும் நடுவில் வரமாட்டார்கள்.

மச்சான், உன் வளவின் பின்பக்கம் நிற்கிற இலந்தையில் இந்த வருடமும் காட்டுப் பட்டுப்புழு கூடு கட்டியிருக்கிறது. குண்டு விழுந்த நாளில் முறிந்த கிளைக்குப் பக்கத்தில் புதுக்கிளை வந்து, அதிலே சின்ன முட்டைகளைக் காம்பு வைத்துத் தொங்கவிட்டதுபோல் தொங்குகின்றன. அந்தக் கொழுத்த பச்சைப் புழுக்கள் இலையைத் தின்று தின்று, பிறகு ஒரு நாள் தின்பதை விட்டு, தலையை ஆட்டி ஆட்டித் தங்களைச் சுற்றியே நூலை உமிழ்ந்து மூடிக்கொள்வதைப் பார்க்க நீ வேலைக்குப் பிந்திப் போவாய். நான் வந்து பார்த்தால் உன் வாயும் அந்தப் புழுவைப்போலவே அசைந்துகொண்டிருக்கும்.

இளந்தாரியாய் இருந்தபோது நீ தோணியேறி இந்தியாவுக்குப் போய், மைசூர்ப் பக்கத்தில் பட்டுநூல் எடுக்கிற ஒரு தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் வேலைக்கு நின்றவன். திரும்பி வந்தபிறகு கோயிலுக்குக்கூடப் பட்டு உடுத்ததில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அந்தக் கதையை நீ சொன்ன மாதிரியே எனக்கு இன்னும் ஞாபகம்.

"கூட்டைக் கொதிதண்ணியிலை போடுவினம் மச்சான். உள்ளுக்குக் கிடக்கிற சீவன் அப்பிடியே அவிஞ்சு போம். பசை இளகின உடனை நுனி வரும். அந்த நுனியைப் பிடிச்சு இழுத்தால் கூடு முழுக்க ஒரே நூல், அறாமல் வரும்."

"பூச்சி வெளியிலை போனாப் பிறகு இழுக்கேலாதோ?"

"அது ஓட்டை போட்டுக்கொண்டெல்லோ வரும். ஓட்டை விழுந்தால் நூல் துண்டு துண்டு. அதுதான் வர முதலே அவிக்கிறது."

"ஒரு சீலைக்கு எத்தினை புழு முடியும்?"

"எண்ணினால் நித்திரை வராது. எண்ண முதல் ஓடி வந்திட்டன்."

அதனால்தான் இலந்தையில் பூச்சி பறந்துபோகும்வரை ஒரு கூட்டையும் நீ தொடவிடமாட்டாய். வெறுங்கூடுகளை மட்டும் பிய்த்து விசுக்கோத்துத் தகரத்தில் போட்டு வைப்பாய். "என்னத்துக்கடாப்பா உந்தக் குப்பை?" என்றால், "இதையும் சாம்பல் தண்ணியிலை அவிச்சுப் பஞ்சாக்கி நூல் திரிக்கலாம். முரட்டு நூல். ஆனாலும் பட்டு" என்பாய். செல்லம் உன்னை விசரன் என்பாள். உன் தங்கை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் உன் மகன் குலத்துக்கு என் மகள் பூமணி என்று பேசி முடித்த அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? "மருமகளே, உனக்குக் காஞ்சிபுரத்திலையிருந்து கூறைச் சீலை எடுப்பிப்பன்." நான் சும்மா இருக்கவில்லை. "புழுவுக்கு அழுகிறவர் இப்ப காஞ்சிபுரம் போறாராம்" என்றேன். "மருமகளுக்கெண்டால் அந்தப் பாவத்தை நான் சுமக்கிறன். நீ வாயை மூடு" என்றாய். மூடினேன். மாப்பிள்ளை வீட்டுக் கூறை மாப்பிள்ளை வீட்டின் பாடு.

பிறகு யப்பான்காரன் வந்தான். பட்டுப்புழுவை அவனைப்போல வளர்க்க உலகத்தில் ஆள் இல்லை என்று நீயே எத்தனை தடவை புகழ்ந்திருப்பாய்! அவன் நூலோடு வரவில்லை, ஆகாயத்தால் குண்டோடு வந்தான். அந்தக் காலையில் நீ தச்சுப் பெட்டியோடு துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தாய். நாங்கள் நிலாவெளிப் பக்கம் ஓடினோம். பின்னேரம் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுதமாட்டேன். அந்த நாளுக்கு இவ்வளவு இடம் போதும்.

ஆட்டை முடிந்ததும் கல்யாணப் பேச்சு எழும்பியது. கூறை எங்கே? இந்தியாவிலிருந்து பட்டு வருவது நின்றுவிட்டது. கடையில் துணியே கூப்பனுக்குத்தான். செல்லத்தின் கூறை இருந்த பெட்டியை, நாங்கள் ஓடிப்போயிருந்த சமயத்தில் எவனோ தூக்கிவிட்டான். இரவல் கூறை எங்கள் சனத்தில் இல்லை. அப்போதுதான் எனக்கு உன் தகரம் ஞாபகம் வந்தது. உன் மருமகளுக்கு உன் கூட்டிலிருந்தே கூறை! எவ்வளவு பெரிய யோசனை!

குசினியில் சாம்பல் தண்ணீரில் அவித்தேன். செல்லம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "இஞ்சாருங்கோ, எலி கிலி செத்துக் கிடக்கோ?"

"பட்டு."

"உந்தப் பட்டைக் கொண்டுபோய்க் கடற்கரையிலை வைச்சு அவியுங்கோ. இதுக்குள்ளை நான் சோறு வடிக்கேலாது."

கடற்கரையில் அவித்தேன். அலசிக் காயவைத்து, பிய்த்துப் பஞ்சாக்கினேன். நூல் திரிக்க எனக்குத் தெரிந்தது ஒரே வழி, வலைக்கயிறு திரிக்கிற வழி. தொடையில் வைத்து உருட்டுவது. சணல் தொடையோடு சண்டை பிடிக்காது. பட்டு பிடித்தது. ஒவ்வொரு உருட்டுக்கும் மயிரையும் சேர்த்துச் சுற்றிப் பிடுங்கிக்கொண்டு போனது. கடைசியில் அந்த நூலில் பாதி பட்டு, பாதி நான்.

பூமணி வந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, எனக்குக் கூறையே வேண்டாம். உங்கட தோலாவது மிஞ்சட்டும்."

தகரம் முழுவதும் முடிந்தபோது என் கையில் இருந்தது ஒரு கயிறு. ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டலாம். ஆடு கோபப்பட்டு இழுக்காவிட்டால் நிற்கும்.

அன்று பின்னேரம் நாகம்மா வந்தாள். வெள்ளைச் சீலை, வெறும் நெற்றி. கையில் ஒரு துணிப் பொட்டளி. என் முன்னால் வைத்து அவிழ்த்தாள். உங்கள் கல்யாணத்தில் நீ அவளுக்குக் கொடுத்த கூறை. வேப்பிலை வாசத்தோடு, சிவப்புக் குறையாமல்.

"அண்ணை, இதைப் பூமணிக்கு உடுத்துவம். அவர் குடுத்த சொல்லு."

செல்லத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்கும் முதலில் மனம் ஒப்பவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் பூமணி கூறையை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள். "மாமி, எனக்கு வடிவாய் இருக்கோ?" என்று கேட்டாள். நாகம்மா அன்றைக்குத்தான், நீ போனதற்குப் பிறகு, முதன்முதலாகச் சிரித்தாள். அதோடு எனக்கு முடிவாகிவிட்டது.

கதை ஊருக்குள் போனது. உன் பெரியப்பா சின்னத்தம்பியர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து என் கதிரையில் உட்கார்ந்தார். உன் இடத்தில் நின்று மாப்பிள்ளை வீட்டை நடத்துகிறவர் அவர்தானே.

"என்னடா, தாலி அறுத்தவளின்ரை சீலையைக் கன்னிப் பிள்ளைக்கு உடுத்தப் போறியாமே? சண்டை முடியட்டும், கப்பல் வரட்டும், புதுசு எடுப்பம். நாகம்மா அண்டைக்குப் பின்னறையிலை இருக்கட்டும். அவளுக்கும் அதுதான் மரியாதை."

உனக்குத் தெரியும், பெரியவர்களுக்கு முன்னால் நான் 'ஓம் ஐயா' என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாதவன். அன்றைக்கும் 'ஓம் ஐயா' என்றுதான் தொடங்கினேன். வாய் தானாக வேறு பக்கம் போய்விட்டது.

"ஓம் ஐயா. ஆனால் ஒண்டு கேக்கிறன். நீங்கள் கலியாணத்துக்குப் பட்டு உடுத்தனீங்களோ?"

"பின்னை என்ன, சாக்கோ உடுத்தது?"

"அந்தப் பட்டு எப்பிடி வந்ததெண்டு வேலாயுதம் எனக்குச் சொன்னவன். கூட்டுக்குள்ளை நித்திரை கொண்ட சீவனை உயிரோடை அவிச்சு எடுத்த நூல். ஒரு சீலைக்கு ஒரு ஊர்ச் சனம் மாதிரிச் செத்திருக்கும். அவ்வளவு சாவையும் உடம்பிலை சுத்திக்கொண்டு மணவறையிலை இருந்தால் அது மங்கலம். ஒரே ஒரு சாவைக் கண்ட என்ரை தங்கச்சி பின்னறைக்கோ?"

"டேய், புழுவும் மனுசனும் ஒண்டோடா?"

"இல்லை ஐயா. புழுவைச் சாக்காட்டினது நாங்கள். வேலாயுதத்தைச் சாக்காட்டினது நாகம்மாவோ?"

அவர் கம்பு தரையில் இரண்டு தரம் தட்டியது. "அப்ப நாங்கள் ஒருத்தரும் வரமாட்டம்."

"நல்லது ஐயா. கூப்பன் அரிசி. மிச்சம் பிடிக்கலாம்."

அவர் போனபிறகு என் கால்கள் நடுங்கின. மயிர் உள்ள கால் கொஞ்சம் கூடவே நடுங்கியது. ஆனால் குலம் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறான். வெளியே வந்து, "மாமா, அம்மா முன்னுக்கு வராட்டில் நானும் மணவறைக்கு வரமாட்டன்" என்றான். உன் மகன்தான், சந்தேகமில்லை. தேத்தண்ணீரை ஆறவிடாமல் குடிக்கிறவன்.

கல்யாணம் நடந்தது மச்சான்! சீனக்குடா விமானத் தளப் பக்கமிருந்து ஆகாயக் கப்பல்கள் எழும்பி எழும்பிப் போக, மேளக்காரர் அதற்கு மேலால் அடித்தார்கள். படலை வாசலிலிருந்து பந்தல்வரை, கூறைத் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, வெள்ளைச் சீலையோடு, குனியாமல் நடந்து வந்தவள் உன் மனைவி. சனம் விலகிய விதத்தைப் பார்க்க வேண்டும். சிலர் மரியாதைக்கு விலகினார்கள், சிலர் பயத்துக்கு. அவள் இரண்டையும் பார்க்கவில்லை. சின்னத்தம்பியரும் வந்தார். கடைசி வரிசையில் யாருக்கும் முகம் கொடுக்காமல் இருந்து, பந்தியில் இரண்டு தரம் சோறு வாங்கினார்.

என் ஆட்டுக்கயிறு வீண்போகவில்லை. மயிர்களையெல்லாம் பிடுங்கி எறிந்து, மஞ்சளில் தோய்த்து, தாலியை அதிலேதான் கோத்தோம். ஐயர் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்ன, சொரசொரக்குது?" என்றார். "பட்டு ஐயா. செய்தவன்ரை தொடை அப்பிடி" என்றேன். நாகம்மா கொடுத்த கூறையை உடுத்திக்கொண்டு வந்து இருந்த என் பிள்ளையின் கழுத்தில், உயிரோடு பறந்துபோன உன் பூச்சிகளின் நூல் ஏறியது. ஒன்றையும் அவிக்காத நூல். உன் சொல்லும் போகவில்லை, உன் பிடிவாதமும் போகவில்லை. எப்படி?

இப்போது பூமணி முழுகாமல் இருக்கிறாள். அறுத்தவளின் கூறையால் வீடு அழியும் என்று சொன்னவர்கள், அவளைக் கண்டால் மாங்காய் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நானும் வாங்கித் தின்கிறேன். மாங்காயோடு எனக்குக் கோபமில்லை. துறைமுகம் நிறையக் கப்பல். சண்டை எப்போது முடியும் என்று கேட்டால் எல்லோருக்கும் ஒவ்வொரு பதில். உனக்கு அங்கே ஏதாவது தெரியுமோ?

நான் பெரிய வீரன் என்று இதுவரை எழுதிவிட்டேன். நீ நம்பியிருக்கமாட்டாய். மிச்சத்தையும் கேள்.

நாகம்மா தட்டைக் கொடுத்து முடித்து ஓரமாய் நின்றாள். செல்லம் சந்தனமும் குங்குமமும் ஏந்திப் பெண்களுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தாள். நாகம்மாவுக்கு முன்னால் வந்ததும் கிண்ணம் நின்றது. செல்லம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் தங்கை கெட்டவள் இல்லை மச்சான், நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செய்திருப்பாள். நாகம்மா நிலத்தைப் பார்த்தாள். சின்னத்தம்பியரைக் கம்போடு அனுப்பிய நான், அந்த இடத்தில் மேளக்காரர் பக்கம் திரும்பி, "அடியுங்கோ, அடியுங்கோ!" என்று கத்தினேன். அவர்கள் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கிண்ணம் அடுத்த பெண்ணிடம் போனது.

பேரப்பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு அதே கிண்ணம் வரும். செல்லத்துக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். மேளம் வைக்கமாட்டேன், எனக்கு ஒளிக்க இடம் இருக்கக்கூடாது. ஊர் முழுக்கக் கேட்கச் சொல்வேன். இது உனக்கு நான் தருகிற சொல்லு. அச்சடித்தும் விட்டேன், இனி மாற ஏலாது.

அன்றைக்கு என் வாயை விட்டு வராமல்போனது இவ்வளவுதான்: "செல்லம், என்ரை தங்கச்சிக்கும் பொட்டு வை."

உன் தங்கையின் புருசனும், உன் நாகம்மாவின் அண்ணனும், உனக்கு இப்போது சம்பந்தியுமான
மச்சான் கதிரவேலு