கூரையைத் தொடாத தூண்

மார்ச் 3

நம்ம கேக் பில்டிங் வைரல் ஆயிடுச்சு, நிஜமா, சத்தியமா, நான் போட்ட அந்தத் தூண் வீடியோதான், பல் தேய்ச்சுக்கிட்டே பார்க்கிறேன், ஃபோன் சூடாயிடுச்சு, நோட்டிஃபிகேஷன் நிக்கவே மாட்டேங்குது!!

எழுதி வச்சாதான் நானே நம்புவேன்.

வீடியோல பெருசா ஒண்ணும் இல்ல. நாங்க குடியிருக்கிற பில்டிங்கோட வாசல் ஹால். நடுவுல ஒரே ஒரு குண்டு ரோஸ் கலர் தூண். ஏணி போட்டு ஏறி, தூணோட தலைக்கும் கூரைக்கும் நடுவுல இருக்கிற சந்துல ஒட்டடைக் குச்சியை விட்டு அந்தப் பக்கமா எடுக்கிறேன். அவ்ளோதான். கீழே எழுதினது: "தொடவே இல்ல பாருங்க! இந்தத் தூண் எதையுமே தாங்கல!"

முப்பது வருஷம் முன்னாடி ஒரு ஆர்க்கிடெக்ட் வேணும்னே அப்படிப் போட்டாங்க. தூண்னா தாங்கித்தான் ஆகணுமா? சும்மா நிக்கக் கூடாதா? இதுதான் போஸ்ட்மாடர்ன். சாம்பல் கலர்ல பெட்டி பெட்டியா கட்டிட்டு அதுதான் ஒழுக்கம்னு சொன்னவங்களைப் பார்த்து நாக்கை நீட்டுற ஸ்டைல். எனக்கு இதை யாரும் காலேஜ்ல சொல்லித் தரல. நானா தேடித் தேடிப் படிச்சது.

அம்மா வீடியோவைப் பார்த்துட்டு, "ஒட்டடை அடிக்கிறதுக்கா இத்தனை பேர் கை தட்டுறாங்க? வீட்டுக்குள்ள அடிச்சிருந்தா நான் தட்டியிருப்பேனே" அப்படின்னாங்க.

அண்ணன்: "ஏய் கட்டடப் பைத்தியம், கமெண்ட்ல ஒருத்தன் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிறேங்கறான். தூணோட வந்தா சரியாம்."

மார்ச் 4

இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு!!!

மார்ச் 8

இன்னிக்கு வெளியூர்ல இருந்து நாலஞ்சு பேர் கேமராவோட வந்தாங்க. நானே சுத்திக் காட்டினேன். பிஸ்தா கலர் சுவர், அதனாலதான் ஊர்ல இதுக்குக் கேக் பில்டிங்னு பேரு. முழங்கால் உயரத்துல வட்ட ஜன்னல். மேஜை டிராயரை இழுத்து விட்ட மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற பால்கனிகள். மாடிப்படில ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கலர், ஒவ்வொரு உயரம். ஒரு பொண்ணு பெருமூச்சு விட்டுட்டு, "நீங்க இதுக்குள்ளேயே வாழறீங்களா?"ன்னு கேட்டா. ஆமாம்னு ரெண்டு தடவை சொன்னேன்.

நான் வேலை பார்க்கிற பேனர் கடைல முதலாளி கேக்கிறார், "உன் பில்டிங் இவ்ளோ பிரபலமாச்சே, பேனர் ஒண்ணு அடிச்சுக்கோயேன், அரை விலைக்குத் தரேன்." பேனர் டிசைன் பண்றதே நான். எனக்கே அரை விலையாம்.

எங்க குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாமாவுக்கும் ஒரே சந்தோஷம். "நகரசபை கட்டின பில்டிங்தானே, பெயிண்ட் அடிச்சுக் குடுங்கன்னு அங்க கெஞ்சிக் கெஞ்சி வாய் வலிச்சுப் போச்சு பாப்பா. இப்போ அவங்களுக்குக் கண்ணு தெரியும் பாரு."

மார்ச் 17

தெரிஞ்சுடுச்சு! நகரசபைல இருந்து இன்ஜினியர் வந்தார்!

வீடியோ பார்த்துதான் வந்தாராம். "இதை எடுத்தது யாரு?"ன்னு கேட்டார். நான் ஓடிப் போய் நான்தான் சார்னேன். இத்தனை வருஷத்துல நகரசபை ஆள் ஒருத்தர் இந்த பில்டிங்கைப் பத்தி என்கிட்ட கேள்வி கேக்கிறார்! ஏணியை நானே தூக்கிட்டு வந்தேன். ஏறிப் பாருங்க சார், தொடவே இல்ல பாருங்கன்னு சொன்னேன். டேப் வச்சு அளந்தார். டேப்போட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டது நான்தான். படிகளையும் காட்டினேன், ஒண்ணோட ஒண்ணு சேராது சார், அதுதான் இதோட அழகேன்னேன். அதையும் எழுதிக்கிட்டார்.

போகும்போது, "ரொம்ப உதவியா இருந்தீங்கம்மா" அப்படின்னார்.

மார்ச் 29

வாசல்ல நோட்டீஸ் ஒட்டியிருக்காங்க. குடியிருக்கத் தகுதி இல்லாத கட்டடம். இடிக்கப் பரிந்துரை.

முதல் காரணம்: மையத் தூண் கூரையிலிருந்து பிரிந்துவிட்டது.

பக்கத்துல ஆதாரம்னு என் வீடியோல இருந்து ஸ்க்ரீன்ஷாட். ஒட்டடைக் குச்சி. என் கை. கீழே நான் எழுதின அதே வரி, அச்சுல — "இந்தத் தூண் எதையுமே தாங்கல."

பிரியல. பிரியவே இல்ல. அது எப்பவுமே சேர்ந்தது இல்லையே. இதை எப்படி நான் யாருக்குப் புரிய வைக்கிறது? கூரையைத் தாங்குறது நாலு பக்கச் சுவரு. தூண் ஒரு விளையாட்டு. விளையாட்டுன்னு சொல்லித்தானே காட்டினேன். சிரிச்சுக்கிட்டேதானே காட்டினேன்?

மார்ச் 30

சாப்பிடப் பிடிக்கல.

ஏப்ரல் 2

இன்ஜினியர் ஆபீஸுக்குப் போனேன். ஆள் கெட்டவர் இல்ல. அதுதான் இன்னும் கஷ்டம். உக்காரச் சொன்னார், தண்ணி குடுத்தார்.

"எனக்கு ஜோக் தெரியாதும்மா. தூண் ஒரு இடத்துல நின்னா, கூரை அது மேல நிக்கணும். நிக்கலைன்னா நான் வேற என்னன்னு எழுத முடியும்?"

"வேணும்னே அப்படிக் கட்டினது சார்."

"நீங்க சொல்றீங்க. கட்டினவங்க சொல்லட்டும். அந்தத் தூணுக்கு எந்தப் பாரமும் இல்லைன்னு வரைஞ்ச ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, நான் திரும்ப வந்து பார்க்கிறேன். படியைக்கூட மாத்திக்கலாம்."

பழைய வரைபடம் இல்லையான்னு கேட்டேன். வெள்ளம் வந்தப்போ போயிடுச்சாம்.

ஏப்ரல் இருபதாம் தேதி சங்கக் கூட்டம். மறுபடி சோதனை கேக்கிறதா, இல்ல நகரசபை வேற இடத்துல குடுக்கிற வீட்டுக்குப் போறதான்னு அன்னிக்கு முடிவு. அதுக்குள்ள அந்த ஆர்க்கிடெக்ட் மேடத்தைப் பிடிச்சாகணும்.

ஏப்ரல் 5

தேடிக்கிட்டே இருக்கேன். அவங்க செஞ்ச வேற எதுவுமே கிடைக்கல. ஒரு நாற்காலி இல்ல, ஒரு விளக்கு இல்ல. இந்த ஒரு பில்டிங்தான். இப்படி ஒண்ணைப் போட்டவங்க அதோட எப்படி நிறுத்துவாங்க?

ஏப்ரல் 10

மேடத்தைப் பார்த்துட்டேன். சங்கத்தோட பழைய நோட்டுல முகவரி கிடைச்சுது.

பஸ்ல போகும்போது என்ன பேசணும்னு மனசுக்குள்ள ஒத்திகை பார்த்தேன். உங்களாலதான் மேடம் நான் கட்டடத்தைப் பார்க்கவே ஆரம்பிச்சேன்னு சொல்லணும். ஆட்டோகிராப் வாங்கணும்னு ஒரு பேனாகூட எடுத்துக்கிட்டேன்.

அவங்க வீடு வெள்ளையா, சதுரமா, மொட்டையா இருக்கு. வாசல்ல ஒரு படிகூட இல்ல, சரிவா இறங்குது. கைத்தடி வச்சிருக்காங்க.

எல்லாம் சொன்னேன். கேட்டுட்டு, "அந்தத் தூண் உள்ள காலியாத்தான் இருக்கும். கம்பி வலை மேல சிமெண்ட் பூச்சு. அதுக்கு எந்தப் பாரமும் இல்ல" அப்படின்னாங்க. நான் சீட்ல இருந்து எழுந்தே நின்னுட்டேன். அதை மட்டும் எழுதி ஒரு கையெழுத்து மேடம்!

"போட மாட்டேன்மா."

ஏன் மேடம்னு கேட்டேன்.

"அதைக் கட்டி முடிச்சதும் ஊரே சிரிச்சுது. சரி, சிரிக்கத்தானே கட்டினேன்னு விட்டேன். அப்புறம் ஒருத்தரும் எனக்கு வேலை குடுக்கல, அதையும் விட்டேன். ஆனா அந்தப் படி... ஏறுறவங்க ஒவ்வொரு அடியையும் உணர்ந்து ஏறணும்னு நினைச்சு வேற வேற உயரம் வச்சேன். எனக்கு அப்போ வயசு இருபத்தொம்பது. அந்த வீட்ல நான் ஒரு நாள்கூடக் குடியிருந்தது இல்ல. எனக்கு முட்டி போனதுக்கு அப்புறம்தான் அந்தப் படி என் கனவுல வர ஆரம்பிச்சுது."

அப்புறம் என்னையே பார்த்துக் கேட்டாங்க: "உங்க வீட்ல யாராவது அதுல விழுந்தாங்களா?"

இல்லைன்னு சொன்னேன்.

போன வருஷம் அம்மா ரெண்டாவது மாடித் திருப்பத்துல விழுந்து வலது தோள்பட்டை உடைஞ்சுது. இன்னும் தண்ணிக் குடத்தை இடது கையாலதான் தூக்கறாங்க. நான் இல்லைன்னு சொன்னேன். கொஞ்சம்கூட யோசிக்கல, பட்டுனு வந்துடுச்சு.

அவங்க நம்பின மாதிரி தெரியல. "இடிக்கட்டும். எனக்கும் தூக்கம் வரும்" அப்படின்னாங்க. வாசல் வரைக்கும் வந்து, பார்த்துப் போன்னாங்க.

பேனாவைப் பைல இருந்து எடுக்கவே இல்ல.

ஏப்ரல் 11

நான் யாரோட ஃபேன்? இத்தனை நாளா யாருக்காக இந்தக் குதி குதிச்சேன்? வரைஞ்சவங்களுக்கே வேண்டாமாம்.

ஏப்ரல் 14

ஆன்லைன்ல "கேக் பில்டிங்கைக் காப்பாத்துவோம்"னு போட்டேன். கமெண்ட்ல ஆயிரக்கணக்குல அழுற எமோஜி பொம்மை வருது. இருபதாம் தேதி நேர்ல யாராவது வருவீங்களான்னு கேட்டேன்.

மறுபடி அழுற பொம்மை.

ஏப்ரல் 20

கூட்டம் அந்தத் தூணைச் சுத்தியே நடந்துது. நாற்காலி பத்தல. பாதிப் பேர் தூண்லயே சாஞ்சு நின்னாங்க. இடியும்னு பயந்தவங்க யாரும் இல்லைன்னு அதுலயே தெரியுது! இதைச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். கொஞ்சம் சிரிச்சாங்க. நல்லாத்தான் போச்சு. தூண் காலின்னு ஆர்க்கிடெக்டே வாயால சொன்னாங்க, ஒரே ஒரு தடவை மறுபடி சோதனை கேப்போம்னு கெஞ்சினேன்.

மேல் மாடி வாத்தியார் எழுந்தார். "பாப்பா, தூண் விழுமா விழாதான்னு எனக்குக் கவலையே இல்ல. எங்க வீட்ல பீரோ வைக்க ஒரு நேர்ச் சுவர் இல்ல. முப்பது வருஷமா கட்டில் குறுக்க கிடக்கு. இன்ஜினியர் தப்பா எழுதினார்னா, அவர் கைக்கு ஒரு மோதிரம் போடணும்."

எல்லாரும் கை தட்டினாங்க. நான் தப்பா எடுத்துக்கலேன்னு காட்டணும்னு நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பை நினைச்சா இப்போ அருவருப்பா இருக்கு.

செயலாளர் மாமா கை தூக்கச் சொன்னார். மறு சோதனைக்கு — நான். அண்ணன், என்னைப் பார்த்துட்டு, மெதுவா. மூணாவது மாடில புதுசா வந்த ஜோடி. அவ்ளோதான்.

போயிடலாம்ங்கிறதுக்கு — மத்த எல்லாரும்.

அம்மா முதல் வரிசைல இருந்தாங்க. கை தூக்கினாங்க. வலது கை. அது முழுசா மேல போகல, தோள் உயரத்துல நின்னுடுச்சு. அப்படியே பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க, மாமா எண்ணி முடிக்கிற வரைக்கும்.

ஏப்ரல் 21

அம்மாவோட சண்டை. நீங்களுமான்னு கத்தினேன். என் அம்மாவே எனக்கு எதிரான்னெல்லாம் கேட்டேன். அவங்க துணி மடிச்சுக்கிட்டே இருந்தாங்க.

"நீ அழகுன்னு சொல்ற ஒவ்வொண்ணுலயும் நான் இடிச்சுக்கிட்டிருக்கேன்டி. ஜன்னல்ல முட்டி. பால்கனில இடுப்பு. நான் விழுந்து கட்டுப் போட்டுக்கிட்டு படுத்திருந்தேன், நீ அந்தப் படியை உக்காந்து உக்காந்து போட்டோ எடுத்தே. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? பொண்ணுக்கு ஏதோ ஒண்ணு பிடிச்சிருக்கே, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்."

கதவைச் சாத்திக்கிட்டேன். கதவுகூட அரை வட்டம். சாத்தினா சத்தமே வராது.

மே 16

காலி பண்ணியாச்சு. லாரில சாமான் ஏத்தும்போது அண்ணன் ஒரு ஜோக் அடிச்சான். என்னன்னு ஞாபகம் இல்ல. அவனும் சிரிக்கல.

ஜூன் 24

இடிக்கிறாங்கன்னு தெரிஞ்சு கடைக்கு லீவு சொல்லிட்டுப் போனேன். வேலிக்கு வெளிய நின்னேன்.

முதல்ல தூணைத்தான் உடைச்சாங்க. இயந்திரம் ஒரு தட்டு தட்டிச்சு, அப்பளம் மாதிரி நொறுங்கிடுச்சு. உள்ள ஒண்ணுமே இல்ல. கம்பி வலையும் காத்தும்.

கூரை அசையல.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாரும் போயிட்டாங்க. தூண் இல்லாம கூரை நிக்குது. ஒரு விரிசல் இல்ல, ஒரு தூசி உதிரல. நான் சொன்னது சரி. நூத்துக்கு நூறு சரி. வேலியைப் பிடிச்சுக்கிட்டு, "பாருங்க, நிக்குது பாருங்க"ன்னு சொன்னேன். காவலாளி என்னைப் பார்த்துட்டு, "ஆமாம்மா, ஸ்ட்ராங்கான பில்டிங், உடைக்கவே கஷ்டமா இருக்காம்" அப்படின்னார்.

சாப்பிட்டுட்டு வந்து உடைச்சாங்க.

ஜூன் 25

எதுவும் எழுதத் தோணல.

ஜூலை 9

புது வீடு. சாம்பல் கலர். நாலு சுவர், நாலும் நேர். லிஃப்ட். அம்மா இங்க நல்லா தூங்கறாங்க. காலைல அவங்க முகத்தைப் பார்த்தா வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு. எனக்கு அது சந்தோஷமா இருக்கணும். ஏன் இல்ல? நான் என்ன மாதிரி ஜென்மம்?

என் ரூம்ல சுவரைப் பார்த்துப் படுத்திருக்கேன். பார்க்க ஒண்ணுமே இல்ல அதுல.

ஆகஸ்ட் 2

மேல் மாடி வாத்தியார் தவறிட்டாராம். அவருக்குக் குடுத்த வீடு ஊரோட அந்தக் கோடில. பீரோவை நேரா வச்சு மூணு மாசம்கூட ஆகல. செயலாளர் மாமா ஃபோன்ல சொல்லிட்டு, "உன்கிட்டதான் அங்க எடுத்த படம் நிறைய இருக்குமே பாப்பா, அவர் இருக்கிற மாதிரி ஒண்ணு அனுப்பு, அவங்க வீட்ல கேக்கிறாங்க"ன்னார்.

ராத்திரி சாப்பாடு வரைக்கும் தேடினேன். நாலாயிரத்துக்கு மேல இருக்கு. ஜன்னல், படி, பால்கனி, தூண், தூணோட நிழல். வாத்தியார் இல்ல. மாமா இல்ல. அண்ணன் இல்ல. அம்மா இல்ல. ஒரு படத்துலகூட ஒரு ஆள் இல்ல. நான்தானே எல்லாரையும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க, குறுக்க வராதீங்கன்னு சொல்லிச் சொல்லி எடுத்தேன்.

அம்மா எட்டிப் பார்த்து, "என்னடி தேடற?"ன்னு கேட்டாங்க. ஃபோனைக் கவுத்து வச்சேன்.

ஆகஸ்ட் 3

இன்னிக்கு நான் போட்டது. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"கேக் பில்டிங்குக்கு வந்து போட்டோ எடுத்தவங்க எல்லாருக்கும். உங்க படத்துல ஒரு ஓரத்துல யாராவது வந்திருக்காங்களான்னு தயவுசெஞ்சு பாருங்க. கண்ணாடி போட்ட ஒல்லியான வாத்தியார். சட்டைப் பைல எப்பவும் ரெண்டு பேனா வச்சிருக்கிற ஒரு மாமா. இடது கைல குடம் தூக்கிட்டுப் போற ஒரு அம்மா. மங்கலா இருந்தாலும் சரி, முதுகு மட்டும் இருந்தாலும் சரி, அனுப்புங்க. தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்க. கட்டடத்தை வெட்டிட்டு அனுப்பினாலும் பரவாயில்ல."