ஃப்ளாஷ் இல்லாத கல்யாணம்

எங்கே இருந்தாலும் அங்கே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் என் சாந்திக்கு,

நல்லபடியாக முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்துக்கு ஓடிவிடுவாய். மும்தாஜ் அக்கா மகள் நிக்காஹ் முடிந்தது. படங்களும் நன்றாக வந்திருக்கின்றன. நேற்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவள், சாயங்காலம் பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லும்போதுதான் எழுந்தேன். நீ போன பிறகு அப்படித் தூங்கியதே இல்லை.

இன்னொரு சேதியும் இருக்கிறது. நம்ம கேமராவை மாற்றிவிட்டேன். கோபப்படாமல் முழுசையும் கேள்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து, யாரோ வைத்திருந்து விற்ற அந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவை வாங்கியபோது பஜாரே சிரித்தது, ஞாபகம் இருக்கிறதா? "பொம்பளைங்க இன்னாத்த போட்டோ புடிக்கப் போறாங்க" என்றார்கள். ஆனால் சீமந்தம், மஞ்சள் நீராட்டு, எங்கள் ஜனங்களின் கல்யாணத்தில் பெண்கள் மட்டும் கூடுகிற உள்ளறை, இப்படி ஆம்பளை போட்டோகிராபர் போக முடியாத இடமெல்லாம் நமக்குத் திறந்தது. நீ படம் எடுப்பாய். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆல்பம் போடுவேன். அப்புறம் உனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, எல்லாம் முடிந்துபோனது. அழுதுகொண்டேதான் கேமராவை நான் கையில் எடுத்தேன்.

அதுவும் கிழடு தட்டிக்கொண்டுதான் இருந்தது. பிடியில் இருந்த ரப்பர் உரிந்து வந்தது. நீ இருந்தபோதே சில நாள் முரண்டு பிடிக்குமே, அது கூடிப்போனது. சாலவாக்கத்தில் ஒரு சீமந்தம். மாமியார் வளையல் போடக் கையைப் பிடித்த நேரம் பார்த்து ஷட்டர் நின்றுவிட்டது. அமுக்குகிறேன், சத்தமே இல்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே கும்மிருட்டு.

"இன்னா நூரு, போட்டுடலாமா?" என்று அந்த அம்மா வளையலை ஏந்திக்கொண்டு கேட்கிறார்.

"இரும்மா, வெளிச்சம் சரியில்ல" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பேட்டரியைக் கழற்றி மாட்டி, தட்டி, துவாவெல்லாம் ஓதி, ஒருவழியாக உயிர் வந்தது. செங்கல்பட்டில் ரிப்பேர் பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். "ஷட்டர் தேஞ்சிபோச்சும்மா. இத மாத்தற செலவுக்கு வேற கேமரா பாடியே வாங்கிடலாம். நாளைக்கே போனாலும் போவும், ஆறு மாசம் ஓடினாலும் ஓடும்" என்றார்.

அப்படியும் நான் மாற்றவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லவேண்டுமா? கேமராவின் தோள்வாரில் நீ போட்ட முடிச்சைக்கூட நான் அவிழ்க்கவில்லையே.

பிறகுதான் மளிகைக்கடை மும்தாஜ் அக்கா வீட்டுக்கு வந்தார். சின்ன மகள் சபீராவுக்கு நிக்காஹ். பெரியவள் ஹசீனா பிரசவத்தில் போனது உனக்குத் தெரியும். அவள் கல்யாணத்துக்கு ஆம்பளை போட்டோகிராபர் உள்ளே வரக்கூடாது என்று படமே எடுக்காமல் விட்டுவிட்டார்கள். நாம் அப்போது கேமராவே வாங்கியிருக்கவில்லை. பெரியவளின் ஒரு படம்கூட அக்காவிடம் கிடையாது.

"நூரு, அவ மூஞ்சி மறந்துக்கினு வருதுடி" என்றார் அக்கா. "கண்ண மூடினா ஒரு மூஞ்சி வருது. அது அவளா, இல்ல நானே பண்ணிக்கினதானு தெரியல. சின்னவளயாச்சும் நல்லா எடுத்துக் குடு. என்னயும் அவ பக்கத்துல வெச்சி எடு."

"எடுக்கறேன்க்கா."

"ஆனா ஃப்ளாஷ் அடிக்காத. கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினேன்ல? பளிச்சுனு பட்டா தலயப் புடிச்சிக்கினு உக்காந்துடறேன்."

சரி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தெரு முனை தாண்டுவதற்குள் கேமராவை எடுத்து ஷட்டரை அமுக்கிப் பார்த்தேன். அவர்கள் வீட்டு உள்ளறை உனக்குத் தெரியாததா? ஒரே ஜன்னல், அதுவும் தெருவைப் பார்த்தது என்று எப்போதும் மூடியே இருக்கும். நம்ம கேமராவில் ஃப்ளாஷ் இல்லாமல் அந்த இருட்டில் எடுத்தால் படம் பூரா ரவையைக் கொட்டினமாதிரி புள்ளி விழும். அதுவும் ஷட்டர் நடுவில் நிற்காமல் இருந்தால்தான்.

உன் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். முருகேசன் அண்ணன் ரைஸ் மில்லிலிருந்து வந்து தலையில் தவிட்டுத் தூசியோடு உட்கார்ந்திருந்தார். நான் சுற்றி வளைத்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "அது சாந்தியோட பொட்டினு பாக்கறியா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அந்த பொட்டி ஒரு விசேஷத்துல மானத்த வாங்கினா அவளுக்குத் தாங்குமா? ஞாயித்துக்கெயம நானும் வரேன், மெட்ராஸ் போயி பாக்கலாம். அவ லென்ஸ எல்லாம் எடுத்துக்கோ."

செங்கல்பட்டில் எலக்ட்ரிக் டிரெயின் பிடித்துப் போனோம். லென்ஸ் இரண்டையும் துண்டில் சுற்றி, சாப்பாட்டுக் கூடையில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார் அண்ணன். கடையில் முதலில் வேறு கம்பெனி கேமராவைக் காட்டினார்கள். மெகாபிக்சல் நிறைய என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார் கடைக்காரர். அதில் நம்ம லென்ஸ் சேராது, வாங்கினால் இரண்டும் வீண். எனக்குக் கல்யாணப் பந்தல் அளவு பெரிய படமா போடவேண்டும்? இருட்டில் ஒரு தாய் முகம் தெரிந்தால் போதும்.

அடுத்து நம்ம கம்பெனியிலேயே குறைந்த விலையில் புதிதாக ஒன்று காட்டினார். டிபன் பாக்ஸ் மாதிரி லேசாக இருந்தது. பார்க்கவும் அழகு, நம் கைக்கும் எட்டியது. எனக்குப் பிடித்துவிட்டது, சாந்தி. கட்டிக்கொடுங்கள் என்று வாயெடுத்துவிட்டேன்.

"இரு நூரு. அவ லென்ஸ மாட்டிப் பாத்துடு" என்றார் அண்ணன்.

முகம் எடுக்கும்போது மட்டும் நீ மாட்டுவாயே, அந்தச் சின்ன லென்ஸ். இருட்டிலும் வெளிச்சத்தை உறிஞ்சி எடுக்கும் என்பாயே. மாட்டினேன். பட்டனை அமுக்கினால் லென்ஸ் அசையவே இல்லை.

"இந்த மாடல் உள்ள மோட்டார் இல்லம்மா" என்றார் கடைக்காரர். "இந்த லென்ஸுக்குக் கையால திருப்பித்தான் போகஸ் பண்ணணும்."

கண்ணாடி போட்ட நான், அந்த இருட்டில், அழுகிற பெண்ணுக்குக் கையால் போகஸ் பண்ணுவதா? அந்தக் கேமராவோடு வருகிற லென்ஸோ வெளிச்சம் இல்லாமல் வேலை செய்யாது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. விலையில் இதைவிட மேலே போக நமக்கு வழியும் இல்லை.

என் முகத்தைப் பார்த்த கடைக்காரர் உள்ளே போய் ஒன்று எடுத்து வந்தார். ஒருவர் புது மாடல் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனதாம். இப்போது கம்பெனி செய்வதில்லையாம், அதனால் விலையும் நமக்கு எட்டியது. ஆனால் அந்த டிபன் பாக்ஸுக்கு ஒரு படி மேலே. உன் லென்ஸை மாட்டி அமுக்கினேன். 'கிர்ர்' என்று திரும்பி நின்றது பார், அந்தச் சத்தம்! மேஜைக்கு அடியில் இருந்த இருட்டில் அண்ணன் செருப்பை ஒரு படம் எடுத்தேன். புள்ளி இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ரவை இல்லை, சலித்த மாவு. அதையே வாங்கிவிட்டேன்.

மெமரி கார்டு வேறு வாங்கவேண்டும். பழைய பேட்டரி இதில் வேலை செய்யாது, இதன் பேட்டரி பழைய கேமராவில் வேலை செய்யும் என்றார். "புதுசோட சோத்த பயசு துன்னும், பயசோட சோத்த புதுசு துன்னாதா? நம்ம வூட்டு மாதிரியே கீதே" என்று அண்ணன் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கல்யாணத்தன்று என்ன நடந்தது தெரியுமா? சபீராவை அலங்கரித்து உள்ளறையில் கொண்டுவந்து உட்காரவைத்ததும் கரண்ட் போய்விட்டது. இருந்த டியூப்லைட்டும் அணைந்தது. பெண்கள் எல்லாம் ஒரே கூச்சல். நான் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். தெருவில் ஆம்பளைங்க நிற்கிறார்களே என்று தயங்கினார்கள். கடைசியில் ஒரு அம்மா தான் போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிவிட்டு, பின்னால் கையை விட்டு ஜன்னல் கதவைத் திறந்தார்.

சாந்தி, நீ பார்த்திருக்கவேண்டும். பால் மாதிரி வெளிச்சம் அறைக்குள் வந்தது. தாயும் மகளும் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அக்கா மகளின் கன்னத்தைத் தொட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். ஷட்டர் ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை.

இதன் திரை பழையதைவிடப் பெரிது. அக்காவிடம் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்தும் பார்த்தார். நன்றாக இல்லையோ என்று எனக்குப் பக்கென்றது.

"ஹசீனாவும் இப்டித்தாண்டி" என்றார் மெதுவாக. "அயுவுறப்ப கீய் உதட்ட உள்ள இயுத்துக்கும். இதே மாதிரி. இதே மாதிரிதான் நூரு. அப்ப நானா பண்ணிக்கின மூஞ்சி இல்ல அது. அவதான். எனக்கு மறக்கல."

சின்னவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுகைக்கு நடுவில் சிரித்தார். அதையும் எடுத்தேனா என்று கேட்பாய். எடுக்கவில்லை. கேமராவைக் கீழே வைத்துவிட்டு நானும் அழுதுகொண்டிருந்தேன்.

கிளம்பும்போது அக்கா என்னை விடவில்லை. "நீயும் வந்து நில்லுடி" என்று இழுத்து நிற்கவைத்தார். சபீராவே கேமராவை வாங்கி எடுத்தாள். என் தலை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஊர்ப் பெண்களை எல்லாம் படம் எடுத்த உனக்கு, மாலை போடுவதற்கு நல்ல படம் கிடைக்காமல், ரேஷன் கார்டுக்கு எடுத்ததைத்தானே பெரிதாக்கி மாட்டினோம்? எத்தனை விசேஷத்துக்குப் போனோம், ஒரு தடவையாவது உன்னை நான் முன்னால் நிற்கச் சொல்லியிருக்கக் கூடாதா?

மற்றபடி எல்லாரும் சுகம். உன் மகள் கவிதா ஏனாத்தூரில் காலேஜ் சேர்ந்துவிட்டாள். அண்ணன் இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். இனி எந்த விசேஷத்துக்குப் போனாலும், கிளம்புவதற்கு முன்னால் கேமராவை யார் கையிலாவது கொடுத்துவிட்டு, அந்த ஜனங்களோடு நானும் ஒரு படத்தில் நிற்பேன். தலை வெட்டுப்பட்டாலும் கண் மூடியிருந்தாலும் அதை அழிக்கமாட்டேன்.

உன் கவிதாவுக்குச் சின்னம்மா,
உனக்கு என்றைக்கும்
நூரு