அமைச்சரின் துண்டுச்சீட்டுகள்

என்னங்க,

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன்.

முன்னாள் அமைச்சர் மீது சித்திரவதை வழக்கு தொடங்கியதிலிருந்து, போன் வந்தால் நீங்கள் மாடிக்குப் போய்ப் பேசினீர்கள். போன வாரம் அவருடைய வக்கீல் வீட்டுக்கு வந்தார். நான் டீ கொண்டுவந்ததும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டீர்கள். "ஜெயில் டாக்டர்னா ஆயிரம் காகிதம் இருக்கும்மா," என்று சிரித்தார். நான் எதையும் கேட்கவே இல்லையே. அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் உங்கள் பீரோவைத் திறந்தேன். சிறைக் கைதிகளுக்கு நீங்கள் கொடுத்த நாற்பத்தோரு மருத்துவச் சான்றிதழ்கள். எல்லாவற்றிலும், 'விசாரணையைத் தாங்கும் உடல்நிலையில் இருக்கிறார்' என்ற ஒரே வரியும் உங்கள் கையெழுத்தும். ஒவ்வொன்றோடும் அமைச்சர் கைப்பட எழுதிய துண்டுச்சீட்டு: 'இன்னும் ஒரு நாள் விசாரியுங்கள்.'

இவ்வளவு வருடம் இவற்றை ஏன் பத்திரப்படுத்தினீர்கள்? பயத்திலா, பேரம் பேசவா? உங்களோடு இருபது வருடம் வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் அரசு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன்.

"சான்றிதழ்ல இருக்கறது யாரோட கையெழுத்தும்மா?" என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரரோடது."

"இதைக் கோர்ட்ல சொல்வீங்களா?"

திங்கட்கிழமை சாட்சி சொல்லப் போகிறேன். அதற்கு முன் நீங்களே வந்து அமைச்சரின் பெயரைச் சொன்னால், உங்கள் பக்கத்தில் நிற்பேன். வராவிட்டால் இரண்டு பெயர்களையும் நானே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி