சத்தம் வராத கதவு

பழனிசெட்டிபட்டி
4.8.2024

கர்த்தருக்குள் அன்பான மகிமாவுக்கு ஜாஸ்பர் எழுதுவது.

இங்கே நான் நலம். உன் நலத்துக்கு ஜெபிக்கிறேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனை டிராயரில் வைத்துவிட்டு, ‘பேச வேண்டுமென்றால் எழுதுங்கள்’ என்று சீட்டும் வைத்துவிட்டுப் போனால் வேறு என்ன செய்வது? பெயின்ட் கடையில் பில்லும் கொட்டேஷனும் எழுதிய கை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தங்கை ஜெமிமாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன், ஒரு மாதம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று மார்ச்சில் போனாய். அவள் ஏப்ரலிலேயே தேறி வேலைக்குப் போகிறாள். நீ அடுத்த தெருவில் தனியாக ஒற்றை அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறாய் என்று சொன்னாள். இவ்வளவு பெரிய வீட்டை விட்டுவிட்டு ஒற்றை அறையா? பஜாரில் பதில் சொல்லி மாளவில்லை. ஸ்டீல் கடை வைகுண்டராஜ் தினமும், “மதினி எப்ப வர்றாக?” என்று கேட்டு உயிரை வாங்குகிறான்.

உன் முழங்காலுக்காகச் சொன்ன லிஃப்ட் வேலை முடிந்துவிட்டது. பாத்திரம் கழுவ மெஷின் வந்துவிட்டது. உன் அறைக்குப் புது மெத்தை போட்டிருக்கிறேன். எனக்குப் புழுக்கம், உனக்குக் குளிர் என்று கடைமாடி வீட்டில் இருபத்தெட்டு வருஷம் தினமும் மல்லுக்கட்டினோம். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது சண்டை உண்டா? ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ஏசி, ஆளுக்கொரு டிவி. இதற்கு மேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

பெங்களூரிலிருந்து இனியனும் கேட்டான். அம்மா சித்தி வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். கார் அனுப்பட்டுமா?

இப்படிக்கு
ஜாஸ்பர்


லோயர் கேம்ப்
13.8.2024

இனியன் அப்பாவுக்கு மகிமாவின் ஸ்தோத்திரம்.

கடிதம் கிடைத்தது. கொட்டேஷன் மாதிரித்தான் இருந்தது, ஜிஎஸ்டி மட்டும்தான் பாக்கி. ஆனாலும் மூன்று தடவை படித்தேன். உங்கள் கையெழுத்து இவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாது.

நான் வசதியைப் பழிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்கு ஒழுகும் கடைமாடியில் மூலைக்கு மூலை குண்டான் வைத்துவிட்டு அழுதவள் நான்தான். புது வீட்டுக்கு டைல்ஸ் தேடி மதுரை வரை அலைந்தவளும் நான்தான். இல்லாமையில் கிடந்தவளுக்குப் பணத்தைக் குறை சொல்ல வாய் வராது. முதல் ஒரு வருஷம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பிறகு நீங்கள் ஹாலில் இருந்துகொண்டே என் அறைக்கு ‘சாப்பிட்டாயா’ என்று வாட்ஸ்அப் அனுப்ப ஆரம்பித்தீர்கள். அதனால்தான் போனை வைத்துவிட்டு வந்தேன். சண்டையே இல்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். சண்டை போடுவதற்கு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

இங்கே வீட்டுக்காரம்மா சண்முகத்தாய் ஒரு வாயாடி. காலை ஆறரைக்கு நான் கதவு திறக்கவில்லை என்றால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, “ஏத்தா மகிமா, என்ன சத்தத்தையே காணோம்? எந்திரிச்சிட்டியா இல்லியா?” என்று கத்துவாள். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது விழிப்பு வந்த பிறகும் அந்தச் சத்தத்துக்காகவே படுத்துக் கிடக்கிறேன்.

அறுப்பின் பண்டிகைக்கு நான் வரவில்லை. என் காணிக்கையை ஜெமிமா கொண்டுவருவாள். கார் வேண்டாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
மகிமா


பழனிசெட்டிபட்டி
30.9.2024

அன்பான மகிமாவுக்கு,

நேற்றுப் பண்டிகை சிறப்பாக நடந்தது. நீ இல்லாததுதான் குறை. ஆராதனை முடிந்து, ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த காய்கறி, கோழி, பலகாரம் எல்லாம் வழக்கம்போல ஏலத்துக்கு வந்தன. ஜெமிமா மேசையில் பையை வைத்த இடத்தில் ஒரு ஊறுகாய் ஜாடி, வாயில் வெள்ளைத் துணி கட்டி இருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. காணிக்கையில் பேர் எழுதுகிற வழக்கம் இல்லாவிட்டால் என்ன, சொந்தப் பெண்டாட்டியின் கை தெரியாதா?

உபதேசியார் ஜாடியைத் தூக்கிக் காட்டினார். வைகுண்டராஜ் வேண்டுமென்றே ஏற்றிவிட்டான். நான் விடுவேனா? இருபத்திரண்டாயிரத்தில் நின்றது. “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று அவர் சொல்லும்போது கோயிலே கைதட்டியது. “எங்க வீட்டம்மா போட்ட ஊறுகா, அடுத்த வீட்டுக்குப் போக விட்ருவனா?” என்று எழுந்து நின்று சொன்னேன். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அடுத்து ஒரு டப்பா அச்சுமுறுக்கு வந்தது. சர்க்கரைக்காரனுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். வைகுண்டராஜ் இருநூறு ரூபாய்க்கு எடுத்து அங்கேயே உடைத்துத் தின்றான்.

நார்த்தங்காய் ஊறுகாய் இன்று மத்தியானம் தொட்டுக்கொண்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல். என் மேல் உள்ள கோபத்தில் போட்டாயோ? இனியாவது வா, மகிமா. நான் உன்னை மறந்துவிடவில்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

உன்
ஜாஸ்பர்


லோயர் கேம்ப்
6.10.2024

இனியன் அப்பாவுக்கு,

ஊறுகாய் நான் போட்டதில்லை. நார்த்தங்காய் அரிந்தால் எனக்குக் கை தடித்துவிடும். இந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதைத் தொட்டது கிடையாது. அச்சுமுறுக்குதான் நான் சுட்டது. நீங்கள் எடுப்பீர்கள் என்று சீனியே போடாமல் சுட்டேன்.

படித்ததும் சிரித்தேன். சண்முகத்தாயிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள். அவள் போன பிறகு அழுதேன். அழுது முடித்த பிறகு, இதையும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரியில் நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். மறுநாளே சுவரில் ஸ்டீல் கம்பியும் தரையில் ரப்பர் விரிப்பும் போட்டுக் கொடுத்தீர்கள். உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். விழுந்தது காலை ஆறு மணிக்கு. சமையலுக்கு வரும் கருத்தம்மாள் என்னைப் பார்த்தது ஒன்பது மணிக்கு. இடுப்புப் பிடித்துக்கொண்டு அசைய முடியவில்லை. உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். ஏழரைக்கு நீங்கள் காரை எடுக்கும் சத்தம் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அப்போதும் கத்தினேன். கார்க் கண்ணாடியும் ஏற்றித்தான் இருந்திருக்கும். அன்று மாலை போனை எடுத்துப் பார்த்தால் நீங்கள் எட்டு மணிக்கு அனுப்பியது இருந்தது: ‘தூங்குகிறாய் போல. எழுப்பவில்லை.’

கருத்தம்மாளிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். நீங்களாகக் கேட்பீர்கள் என்று இருந்தேன். எத்தனை மணிக்கு விழுந்தீர்கள், எவ்வளவு நேரம் கிடந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். நீங்கள் கம்பி எத்தனை அடி வேண்டும் என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் காத்திருந்தேன். ஜெமிமாவின் ஆபரேஷன் ஒரு சாக்குதான்.

நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை.

மகிமா


பழனிசெட்டிபட்டி
14.10.2024

மகிமா,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். அதற்குப் பிறகு கல்லாவில் உட்கார முடியவில்லை. கடைப்பொறுப்பை மேனேஜர் கார்த்திக்ராஜிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கருத்தம்மாளைக் கூப்பிட்டு, உன் பாத்ரூமில் நின்று கத்தச் சொன்னேன்.

“என்னன்னுய்யா கத்த?”

“அம்மா அன்னைக்கு என்ன சொல்லிக் கத்துனாளோ, அப்பிடியே கத்து.”

“எனக்கெப்பிடிய்யா தெரியும்? நான் வரும்போது அம்மா கத்தல. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயி, சும்மா செவுத்தப் பாத்துப் படுத்திருந்தாக.”

என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் உன் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏசியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கத்தாமல் சும்மா நிற்கிறாள் போல என்று ஐந்து நிமிஷம் கழித்துப் போய்த் திறந்தால், கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருக்கிறாள். சத்தம் வராத கதவு என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கியது நான்தான். நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்றுதான் வாங்கினேன், மகிமா. ஆண்டவர் சாட்சி.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உன் பாத்ரூம் தரையில் போய்ப் படுத்தேன். ஒன்பது மணி வரை கிடக்க வேண்டும் என்று நினைத்தேன். ஏழு மணிக்கே இடுப்பு விட்டுப்போய் எழுந்துவிட்டேன். என்னால் எழுந்திருக்க முடிந்தது.

இந்த வீடு கட்டி முடித்த அன்று, என் அப்பனுக்குக் கிடைக்காததை எல்லாம் உனக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதைவிடச் சந்தோஷமான நாள் எனக்கு இருந்ததில்லை. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் அதில் நீ எங்கே இருந்தாய் என்று நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இனி உன்னை வா என்று எழுத எனக்கு வாய் இல்லை. நான் அங்கே வரலாமா? எத்தனை நாளைக்கு என்று கேட்காதே, எனக்கே தெரியாது. வேண்டாம் என்றால் பதில் போடாதே. புரிந்துகொள்வேன்.

ஜாஸ்பர்


லோயர் கேம்ப்
17.10.2024

இனியன் அப்பாவுக்கு,

ஒரு மாதம் பதில் போடாமல் தவிக்க விடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு பகல்கூட என்னால் முடியவில்லை.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அது அப்படியேதான் இருக்கிறது. வந்தால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும், குடம் தூக்க வேண்டும். தினமும் சாயங்காலம் என்னோடு வாய்க்கால் கரை வரை நடக்க வேண்டும். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கார் சந்துக்குள் நுழையாது. குமுளி பஸ்ஸில் ஏறி லோயர் கேம்பில் இறங்கி, சர்ச்சைத் தாண்டி இரண்டாவது சந்து. வீட்டுக்கு நம்பர் கிடையாது. யாரிடமும் விசாரித்துக்கொண்டு நிற்க வேண்டாம். சந்து முனையில் நின்று ஒரு சத்தம் கொடுங்கள். எனக்குக் கேட்கும்.

மகிமா