இரண்டு முறை இருமினேன்

ராமச்சந்திராபுரம்,
ஹைதராபாத்.
19.1.2025

மதிப்பிற்குரிய ஜகதீசன் மாமாவுக்கு, தண்டபாணியின் மகள் ஸ்ரேயாவின் வணக்கம்.

கோயம்புத்தூருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். ரயிலில் முழங்கால் வலி அதிகமாகவில்லையே? இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குத்தான் ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல். அம்மா ஊறுகாய் ஜாடியை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டாள்.

போன ஞாயிறு டவுன்ஷிப் செஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் அப்பா உங்களை ஜெயித்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். அப்பாவின் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் இங்கே சனத்நகரில் வேலை பார்த்த 1998-இலிருந்து, இதற்கு முன் உங்களோடு பதினேழு ஆட்டம். பதினான்கு தோல்வி, மூன்று டிரா. அப்பா வருடத்துக்கு நான்கு போட்டிக்காவது போவார், லீவெல்லாம் அதற்கே போகும். கோப்பை ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டையும் அன்று மாலையே நோட்டில் ஒட்டிவிடுவார், தோற்றதையும்கூட.

அன்றைக்கு ஆட்டம் தொடங்குமுன், "என்ன தண்டபாணி, இந்த வருஷமாவது குதிரைக்குக் கொள்ளு வெச்சீங்களா?" என்று நீங்கள் கேட்டதும் பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள்.

முப்பத்தோராவது நகர்த்தலில் அப்பா யானையை நகர்த்தினார், ஷீட்டில் எழுதினார், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கடிகாரத்தை அழுத்தி உங்கள் நேரத்தை ஓடவிட மறந்துவிட்டார். நீங்கள் யோசிப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருக்க, ஓடியதோ அவருடைய நேரம். பாக்கியிருந்த பதினொரு நிமிடம் நான்காகிவிட்டது. நீங்கள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கவனித்திருந்தாலும் எதிராளி சொல்ல வேண்டும் என்று விதி இல்லை, புத்தகத்தில் தேடிவிட்டேன். ஆனால் பார்வையாளர் எந்த விதத்திலும் தலையிடக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது.

மாமா, நான் இரண்டு முறை இருமினேன்.

எனக்குச் சளி இல்லை. அப்பா திருட்டுத்தனமாக ஊறுகாய் எடுக்கும்போது அம்மா வந்துவிட்டால் நான் அப்படித்தான் இருமுவேன். அப்பா முதலில் என்னைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார், அழுத்தினார். ஒன்பது நகர்த்தல் கழித்து நீங்கள் கை கொடுத்து, "சபாஷ் தண்டபாணி, இதுக்கு ஏன் இருபத்தாறு வருஷம்?" என்றீர்கள். அப்பா சிரிக்கவில்லை. நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "தோத்துட்டு வந்தாலே ரெண்டு காபி கேப்பார். இன்னிக்கு டிகாஷன் பத்தாது" என்றாள். அப்பா ஒன்றுகூடக் கேட்கவில்லை. நடுவில் பொங்கலும் வந்துபோனது. ஸ்கோர் ஷீட் மடித்தபடியே ஃப்ரிட்ஜின் மேல் கிடக்கிறது. ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால், "பசை தீந்துபோச்சும்மா" என்கிறார். என் பென்சில் பெட்டியில் முழு டியூப் இருப்பது அவருக்குத் தெரியும்.

இப்போது சொன்னால் முடிவை மாற்றுவார்களா, எனக்குத் தெரியாது. ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்பா ஏறும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில்தான் தபால் பெட்டி இருக்கிறது. அதனால் இதை அப்பாவிடமே கொடுக்கப்போகிறேன். கவரை ஒட்டவில்லை. பசை டியூபைக் கூடவே வைக்கிறேன். இது உங்கள் கைக்கு வந்திருந்தால், அவர் படித்துவிட்டு, ஒட்டித்தான் அனுப்பியிருக்கிறார்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜனவரிக்கும் கட்டாயம் வாருங்கள் மாமா. நான் மண்டபத்துக்கு வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஸ்ரேயா தண்டபாணி
ஒன்பதாம் வகுப்பு