டாக்டர் கேட்டது உன்னைத்தான்

காரைக்குடி,
மாசி 9

அன்பு மகன் மெய்யநாதனுக்கு,

இங்கு நானும் அப்பச்சியும் சுகம். குன்றக்குடியான் புண்ணியத்தில் நீயும் மெல்போர்னில் தலைசுற்றல் இல்லாமல் எழுந்து நடமாடுகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். சுகம் விசாரித்தாயிற்று, இனி என் கோபத்தைக் கேள். தைப்பூசத்துக்கு ஊருக்கு வந்து பாதயாத்திரையில் நீ விழுந்த காரணத்தைத் தங்கச்சி நித்யஸ்ரீயிடம் சொல்வாய், பெற்றவளிடம் சொல்ல மாட்டாயா? பழனிக்கு மாலை போட்டதும் ஒரே நாளில் சிகரெட்டை விட்டாயாம். மன அழுத்த மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டு, தங்குகிற இடமெல்லாம் காப்பி குடித்து நடந்திருக்கிறாய். சிங்கம்புணரி தாண்டிக் கை நடுங்கி, நெஞ்சு படபடத்து நீ விழுந்தபோது உன் பெரியம்மா அத்தனை பேர் நடுவில், "வெரதத்துல ஏதோ கொறை வச்சிருக்கான், அதான் முருகன் சோதிக்கிறாரு" என்றார்களே, இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. விரதம் ஒழுங்காக இருந்ததால்தான் என் பிள்ளை விழுந்தான் என்று அவர்களுக்கு யார் சொல்வது.

அங்குள்ள டாக்டர் விளக்கியதை நித்யா சொன்னாள். சிகரெட் புகை அந்த மாத்திரையை உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடுமாம். அது தெரியாமல்தான், மருந்து பிடிக்கவில்லை என்று போன சித்திரையில் நீ இங்கிருந்தபோது மதுரை டாக்டர் அளவைக் கூட்டினார். புகை நின்றதும் அதே மாத்திரை உடம்பில் தேங்கிவிட்டது. குடித்த காப்பியின் வீரியத்தையும் அந்த மாத்திரை உடம்பை விட்டு லேசில் இறங்கவிடாதாம், அதனால்தான் அந்தப் படபடப்பு. இப்போது அளவைக் குறைத்திருக்கிறார்களாமே, நீ மறுபடி பற்றவைத்தால் மருந்து போதாமல், போன வருஷம் போலக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் படுத்துவிடுவாய். அதை இன்னொரு தடவை தாங்க எனக்குத் தெம்பில்லை. பற்றவைத்தால் டாக்டரிடம் சொல். நீயாக மாத்திரையைக் கூட்டாதே, நிறுத்தாதே. காப்பி எத்தனை குடிக்கிறாய் என்பதையும் சொல்.

இந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான். மதுரையில் அந்த டாக்டர், "சிகரெட் பழக்கம் உண்டா தம்பி" என்று கேட்டது உன்னை. நீ வாயெடுப்பதற்குள், "எங்க வீட்ல அதெல்லாம் கெடையாதுங்க" என்றது நான். துவைக்கப் போட்ட உன் சட்டையில் அந்த வாடையை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். தெரிந்தேதான் சொன்னேன், வெளியே தெரிந்தால் பெண் தரமாட்டார்களே என்று. நீயும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாய்.

வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது என்னைப் போனில் கூப்பிடாதே, தனியாகப் போய் உள்ளதைச் சொல். முருகன் துணையிருப்பான், நீ நூறு வயது நன்றாயிருக்க வேண்டும். கண்டனூரில் பெண் பார்த்திருக்கிறோமே, அந்த வீட்டார் உன்னைப் பற்றி என்ன கேட்டாலும், அவனையே கேளுங்கள் என்றுதான் இனிச் சொல்வேன்.

உன் ஆத்தா,
தேனம்மை