விட்டுப்போன இரண்டாம் ஓலை

மே 11, ஞாயிறு

புழுக்கம். கோயிலில் ஃபேன் நின்று நின்று சுற்றியது. முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன்: இன்று ஒரு கல்யாண ஓலையை முழுங்கிவிட்டேன்.

பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, கொடுத்து முடிந்ததும் அறிவிப்புகளைப் படிப்பது இருபது வருஷமாக என் வேலை. ஓலை மூன்று ஞாயிறு படித்தால்தான் கல்யாணம். இன்று அமல்ராஜுக்கும் கீழ்புத்துப்பட்டு ஸ்டெல்லாவுக்கும் இரண்டாம் ஓலை. தாளைப் பார்த்தேன். அடுத்த வரிக்குத் தாவி, இளையோர் கூட்டம், காணாமல் போன எவர்சில்வர் டிபன்பாக்ஸ் (பச்சை மூடி), ஆமென்.

"தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்." போன வாரம் கணீரென்று படித்தவன் நானே. அந்தத் தடைக்கு வயது 52, எடை 84 கிலோ, காலையில் ஒரு பிபி மாத்திரை.

அமல் உப்பு லாரி ஓட்டுகிறான். ஊருக்கு அவன் என் சிநேகிதன். எனக்குப் பதினோரு வருஷமாக அதற்கும் மேலே.

மே 12, திங்கள்

தெற்கே மேகம். ஒரு தூறல் போட்டாலும் உப்பளப் பாத்தியில் வாராத உப்பெல்லாம் தண்ணீர். பெண்களை விரட்டி வாரச் சொன்னேன். மேஸ்திரிக்கு என்ன கொள்ளை என்று முணுமுணுத்தார்கள். எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருக்கிறது.

டீக்கடையில்: "ஏம்பா மேஸ்திரி, அமலுக்கே ஆயிடுச்சு. நீ எப்ப?"

நான் கல்யாணம் பண்ணாததற்கு ஊரில் உலவும் காரணங்கள்:
1. குருமடத்திலிருந்து ஓடிவந்தவன்.
2. ஒரு நர்சு ஏமாற்றிவிட்டாள்.
3. சுகர் ஜாஸ்தி.
இரண்டாவதைப் பரப்பியது நான்தான். நர்சுக்குப் பேர்கூட வைத்திருக்கிறேன்.

அமல் லோடு ஏற்ற வந்தான். ஓலை பற்றி மூச்சே விடவில்லை. அது கோபமா, என்னவென்றே தெரியவில்லை. கிளம்பும்போது மட்டும், "சாகறதுக்குள்ள ஒரு தாலி பாக்கணும்னு அம்மா அழுவுது. நான் என்ன பண்றது, சொல்லு."

எல்லாவற்றுக்கும் ஒரு ஜோக் வைத்திருப்பவன், லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 14, புதன்

கத்திரி வெயில். வாங்க வேண்டியது: மாத்திரை, சவரக்கத்தி, அமலுக்குக் கல்யாணப் பரிசு (அடித்துவிட்டேன்).

போனில் ஒரு பட்டியல் கிடைத்தது. எங்களைப் போன்றவர்களை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று. திருநங்கை, திருநம்பி தெரியும். கூவாகம் பற்றி அளத்தில் கிண்டல் நடந்தால் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பவன் நான். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கக் கூடாதே. என் வரிசையில் போட்டிருந்தது: தன்பாலீர்ப்பாளர்.

பம்புசெட் கொட்டகையில் சொல்லிப் பார்த்தேன். பைபிளில் தெசலோனிக்கருக்கு எழுதிய திருமுகத்தை மூச்சு விடாமல் படிப்பவன், இந்த ஒரு வார்த்தையில் மூன்று முறை தடுக்கினேன்.

மே 16, வெள்ளி

ஸ்டெல்லா அளத்துக்கே வந்துவிட்டாள். ஸ்கூட்டி. கழுத்தில் அளவு டேப். தையல் கடையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். சரி, ஓலை விஷயம் எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணே, அவரு எங்கிட்ட எதையோ மறைக்கிறாரு. நீங்க கூடவே இருக்கறவங்க. எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. கட்டிக்கினு அழப்போறது நான்தான்."

தூக்கத்திலும் லாரி ஓட்டுவான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வயசு, இதுபோல எத்தனை சமாளிப்புகளைப் பார்த்திருப்பாள்.

"நான் தன்பாலீர்ப்பாளர்மா" என்றேன். தடுக்காமல் வந்துவிட்டது.

"அப்படின்னா?"

இதற்குத்தானா மூன்று நாள் ஒத்திகை.

"எனக்கு ஆம்பளைங்களத்தான்மா புடிக்கும். என்னப் பத்தி நான் சொல்லிட்டேன். அவனப் பத்தி அவன்தான் சொல்லணும்."

தண்ணீர் கேட்டாள், குடித்தாள். ஸ்கூட்டியைத் திருப்பிவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "குடிப்பாரான்னு கேக்கத்தாண்ணே வந்தேன்."

மே 17, சனி

தூங்கவில்லை. மேகமும் போய்விட்டது, அவசரமாக வாரியது வீண்.

பொழுது சாய அமல் வந்தான். உட்காரவில்லை. "ஒன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.

ஸ்டெல்லா நேற்றே அவனை ரோட்டோரம் நிறுத்தி, நீங்களும் மேஸ்திரி மாதிரியா, ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்க என்றாளாம். ஆமா என்றானாம். திட்டவில்லை, அழவில்லை. வீட்டுக்குப் போய், மாப்பிள்ளைக்குச் சுகர் ஜாஸ்தி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்றைக்கு டீக்கடை முழுக்க அதே பேச்சு. அவன் அம்மா காலையிலேயே சர்க்கரை இல்லாத காபி கொடுத்துவிட்டதாம்.

ஸ்டெல்லாவுக்கு நான் என்ன செய்ய முடியும்? என் பட்டியலின் மூன்றாவது காரணத்தை அவள் பேருக்கு எழுதி வைக்கலாம்.

அமல் நாலு தோசை தின்றான். தட்டைக் கழுவி வைத்தான். போறேன் என்றான். போகவில்லை.

மே 18, ஞாயிறு

காற்று. ஃபாதர் தாளை நீட்டினார். மூன்றாம் ஓலை சிவப்பு மையில் அடித்திருந்தது. போன வாரத்துக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: போன வார அறிவிப்பையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். அன்றைக்கு நன்மைக்கு அப்புறம் மைக் செத்துவிட்டதாம். முன்வரிசைக்குக்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிபன்பாக்ஸ் இன்னும் கிடைக்கவில்லை.